உத்திரமேரூர்க் கணக்கு

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு மடிப்பாக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தேன். உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஊர். பத்து நாளைக்கான துணி மட்டும்தான் எடுத்து வந்தோம். பத்தொன்பது மாதம் தங்கிவிட்டோம்.

அப்பா பள்ளி ஆசிரியர். தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அன்றைய செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவிட்டுத்தான் படுப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று மடிப்பாக்கத்து நோட்டு, இன்னொன்று ஊர் நோட்டு. 2020 பிப்ரவரியில் மடிப்பாக்கத்தில் எங்கள் மூன்று பேருக்கு ஆன செலவு 61,400 ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் ஊரில், அம்மாவையும் சேர்த்து நான்கு பேருக்கு 23,800 ரூபாய். சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. திண்ணைக்குப் பக்கத்து அறையில் மடிக்கணினியை வைத்து அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மாதம் 37,600 ரூபாய் மிச்சம். அந்தத் தொகையைப் பார்த்தபோது எனக்கு ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. நண்பர்களிடமெல்லாம் போனில் சொன்னேன். "எல்லாரும் முட்டாள்தனமா பட்டணத்துல பணத்தைக் கொட்டிக்கிட்டு இருக்கோம். நல்ல காத்து, நல்ல தண்ணி, நாலு மனுஷங்க. செலவு பாதிகூட இல்ல." இந்தக் கட்டுரை அந்தத் தொகையைப் பற்றியது. அது என்னுடையதா என்பதுதான் கேள்வி.

அரசாங்கமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. 2014-இல் ரங்கராஜன் குழு வறுமைக்கோட்டை வரையறுத்தபோது ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிராமத்தில் 32 ரூபாய், நகரத்தில் 47 ரூபாய் என்று சொன்னது. அந்தத் தொகை போதுமா என்று நாடே சண்டை போட்டது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாகக் கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. நகரத்துக்கு நூறு என்றால் கிராமத்துக்கு எழுபது. மத்திய அரசு ஊழியருக்கான வீட்டு வாடகைப் படி இன்னும் வெளிப்படையானது. 2017-இல் ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி, சென்னை போன்ற பெருநகரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 24 சதவீதம், உத்திரமேரூர் போன்ற சிற்றூரில் 8 சதவீதம் என்று வைத்தார்கள்.

இதில் ஒரு விஷயம் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் நகரப் பகுதிக்கு வீட்டுவசதி என்ற தலைப்பின் எடை 21.67 சதவீதம். கிராமப் பகுதிக்கு அந்தத் தலைப்பே கிடையாது. கிராமத்தில் வாடகைச் சந்தை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, எல்லாரும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். என் நோட்டும் அதையேதான் சொன்னது. மடிப்பாக்கத்தில் வாடகை 18,000. ஊரில் அந்த வரியே இல்லை.

பொதுவாகக் கிராமத்துக்கு எழுபது ஆகிறது என்றால், எனக்கு மட்டும் எப்படி முப்பத்தொன்பதில் முடிந்தது? நோட்டை வரிவரியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில், இரண்டு ஊரிலும் மாறாத வரிகள் நிறைய இருந்தன. ஆவின் பால், எரிவாயு சிலிண்டர், கரண்ட் பில், போன் ரீசார்ஜ் எல்லாம் ஏறக்குறைய ஒரே விலைதான். ரேஷன் அரிசி இரண்டு ஊரிலும் இலவசம். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் அடிப்படைத் தேவைகளில் பாதி, ஊர் பார்த்து விலை மாறாதபடி அரசு பார்த்துக்கொள்கிறது. மளிகை உத்திரமேரூர் பஜாரில் மலிவு என்று சொல்லவே முடியாது. சில சாமான்கள் மடிப்பாக்கத்தைவிடக் கூடுதல். ஆக, சந்தை விலையில் நான் மிச்சம் பிடித்தது கொஞ்சம்தான். பெரிய மிச்சமெல்லாம் வேறு நான்கு வரிகளில் இருந்தது.

ஒன்று, வாடகை. அந்த வீட்டை அப்பா கட்டினார். பி.எஃப். பணத்தை எடுத்து, அம்மாவின் வளையலை விற்று, ஏழு வருஷம் கடன் அடைத்துக் கட்டிய வீடு. நான் வாடகை கொடுக்காமல் இருந்தேன் என்றால், எனக்கான வாடகையை அப்பா முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு, வெளியில் சாப்பிடுவது. மடிப்பாக்கத்தில் மாதம் ஆறாயிரம் ஆகும். ஊரில் சுத்தமாக இல்லை. "எவ்ளோ மிச்சம் பாத்தியா" என்று நோட்டைக் காட்டினேன். மனைவி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த நேரம் அது.

"மிச்சம் உனக்கு. வேலை எனக்கும் அத்தைக்கும்" என்றாள். "மூணு வேளை நாலு பேருக்கு இட்லி, தோசை, குழம்பு, ரசம். அங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி எனக்கு லீவு. இங்க அது உண்டா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நான் தனியா ரோட்டுல நடந்தா நாலு பேரு கேப்பாங்க, எங்கம்மா போறேன்னு. அதையும் உன் நோட்டுல எழுதிக்க."

மூன்று, காய்கறி. பக்கத்து வீட்டுச் சித்தி கத்தரிக்காய் கொடுப்பார், எதிர்வீட்டு அண்ணன் முருங்கைக்காய் கொண்டுவந்து போடுவார், அறுவடை முடிந்தால் ஒரு மூட்டை நெல் வரும். இதெல்லாம் இலவசம் என்றுதான் எழுதியிருந்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

"இலவசமா? கல்யாணம் காதுகுத்து இல்லாத வருஷத்தை வெச்சிகினு கணக்குப் போடாதடா. மொய் நோட்டை எடுத்துப் பாரு."

பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது அந்த நோட்டு. முப்பது வருஷத்து மொய், அப்பாவின் கையெழுத்தில். யார் வீட்டு விசேஷம், அவர்கள் நமக்கு எவ்வளவு வைத்தார்கள், நாம் எவ்வளவு வைத்தோம். 2021-இல் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் தள்ளிப்போட்ட கல்யாணமெல்லாம் வரிசையாக வந்தது. ஆவணி மாதத்தில் மட்டும் ஏழு மொய். அந்த மாதக் கணக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டியது. முதல் வருஷத்து மலிவு, நோய்க்குப் பயந்து ஊர் தன் கடமைகளை நிறுத்தி வைத்திருந்ததால் வந்த மலிவு.

ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய நூலில் லினன் சட்டையைப் பற்றி ஒரு இடம் வருகிறது. அந்தச் சட்டை இல்லாமலும் மனிதன் உயிர் வாழலாம். ஆனால் அவருடைய காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித் தொழிலாளிகூட அது இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சப்படுவான். ஆகவே அதுவும் அத்தியாவசியப் பொருள்தான் என்பது அவர் வாதம். எங்கள் ஊரில் மொய் அந்தச் சட்டை. அதை வைக்காதவர் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட மாட்டார். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கத்தான் கஷ்டப்படுவார். மடிப்பாக்கத்தில் அந்த மரியாதைக்கு வேறு விலை: குழந்தையின் பள்ளி, ஓட்டும் வண்டி, பிறந்தநாள் விழா. மரியாதைக்கு எந்த ஊரிலும் செலவு உண்டு. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

நான்காவது வரியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உத்திரமேரூரின் கல்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்த எல்லாருக்கும் இவற்றைத் தெரியும். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் போன்றவற்றுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் குடத்தில் இடக் கூடாது. இதைப் பெருமையாகச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். பெருமைக்குரியதும்தான்.

ஆனால் தகுதிப் பட்டியலின் தொடக்கத்தை நான் அந்தப் பத்தொன்பது மாதத்தில்தான் கவனித்துப் படித்தேன். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம்; சபை அவர்களுடையது. ஏரி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தது. அதைத் தூர் வாரியவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை.

பதினான்கு வருஷமாகச் சென்னையில் வாடகைக்கு இருக்கும் நான் அந்த விதிப்படி ஒரு கணக்கிலும் வராதவன். மடிப்பாக்கத்தில் நான் அப்படித்தான் உணர்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் பெட்டி கட்ட வேண்டும். ஊருக்கு வந்ததும் 'வாத்தியார் பையன்' ஆகிவிட்டேன். கடையில் கடன் கொடுத்தார்கள், கோயில் விஷயமாகக் கருத்துக் கேட்டார்கள். வாழ்க்கைத் தரம் என்று நான் நண்பர்களிடம் பெருமையடித்ததில் பாதி, நல்ல காற்றைவிட இந்த அந்தஸ்துதான். சொந்த மனை இருந்ததால் கிடைத்த அந்தஸ்து.

சொந்த மனை இல்லாதவர்களுக்கு? 1891-இல் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். உத்திரமேரூர் வட்டாரமும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். குடிசை போட்டிருக்கும் மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாததால், எதிர்த்துப் பேசினால் வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயத்திலேயே அவர்கள் வாழ வேண்டியிருந்ததை அதில் எடுத்துக் காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த அரசாணையின் கீழ் கொடுக்கப்பட்ட நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். கிராமத்தில் எல்லாரும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தை இந்த அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நான்காவது வரி. வீட்டு வேலை. மடிப்பாக்கத்தில் பாத்திரம் கழுவி, வீடு பெருக்கித் துடைக்க வரும் அம்மாவுக்கு மாதம் 3,000. ஊரில் அதே வேலையோடு வாசல் தெளித்து, மாட்டுக் கொட்டகையையும் கூட்டும் அக்காவுக்கு 1,500. வருஷக் கணக்காக வருகிறார். காலனியிலிருந்து நடந்து வருவார். அம்மாவைவிட ஏழெட்டு வயதுதான் சின்னவர். அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டேன். சென்னைக்குப் போன பிறகுதான் 'அக்கா' என்று மாற்றிக்கொண்டேன். அவருக்கான டீ டம்ளர் இன்றும் கிணற்றடி மாடத்தில் தனியாக இருக்கிறது. எங்களுக்கு மலிவு கொடுத்த வாழ்க்கையில் அந்த டம்ளரும் ஒரு பாகம்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன். "இங்க எவ்ளோ நிம்மதியா இருக்கு இல்லக்கா? எதுக்கு எல்லாரும் மெட்ராசுக்கு ஓடுறாங்க?"

பெருக்கிக்கொண்டே சொன்னார். "உனக்கு இங்க வந்தா நிம்மதி தம்பி. என் பொண்ணுக்கு இங்கருந்து போனாத்தான் நிம்மதி. ஒரகடத்துல கம்பெனி பஸ்ல போறா வரா. அங்க அவளை எந்தத் தெருன்னு யாரும் கேக்கறதில்ல. நம்பர் போட்ட கார்டு குடுத்திருக்கான். அதைக் காட்டினா உள்ள விடுவான். அவ்ளோதான்."

பட்டணத்தில் யாரும் கேட்பதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. வாடகைக்கு வீடு தேடினால் கேட்பார்கள். நேராகக் கேட்காமல் சாப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். இருந்தாலும் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. பட்டணத்தில் யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டேனே, அதையேதான் அவர் மகள் வரமாக நினைக்கிறாள். ஒரே ஊரின் வாழ்க்கைத் தரம் தெருவுக்குத் தெரு வேறாக இருக்கும்போது, இரண்டு ஊர்களை ஒப்பிட்டு ஒரே விடை சொல்ல முடியாது.

அன்று ராத்திரி நான்கு வரிகளையும் சேர்த்துப் பார்த்தேன். அப்பாவின் உழைப்பு, மனைவியும் அம்மாவும் செய்த சமையல், அக்கம்பக்கத்தாரிடம் பட்ட கடன், அந்த அக்காவின் குறைந்த கூலி. ஊர் மலிவு என்று நான் சொன்னதில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் கொடுத்தது அல்லது யாரோ ஒருவருக்குக் கொடுக்காதது. பட்டணச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிராமத்துக் கூலியைக் கொடுக்கும்போது, நடுவில் இருக்கும் வித்தியாசம் என் பைக்கு வருகிறது. அதைச் சம்பாதிக்க நான் எதுவும் செய்யவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் சொல்ல வேண்டும். கூலி ஊருக்கு ஊர் மாறுவது சகஜம். அவர் சம்மதித்துத்தான் வருகிறார். நான் ஊரில் செலவழிக்கும் பணம் ஊருக்குத்தான் போகிறது. மூன்றும் உண்மை. ஆனால் வேறு வழி இருப்பவர் சொல்லும் சம்மதமும் வேறு வழி இல்லாதவர் சொல்லும் சம்மதமும் ஒன்றில்லை. ஒரகடத்துக்குப் போக வயதிருக்கும் மகள் 1,500 ரூபாய்க்கு எங்கள் வீட்டைக் கூட்ட வரமாட்டாள். கூலி ஊரைப் பார்த்து மாறுகிறது என்றால், என் கூலி மட்டும் ஏன் ஊரோடு மாறவில்லை?

பட்டணமும் யோக்கியம் கிடையாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களில் மடிப்பாக்கத்தில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் குளித்தோம். அது ஏதோ ஒரு கிராமத்துக் கிணறு. சென்னையில் எழும்பும் கட்டடங்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் குவாரிகளிலிருந்தும் போகிறது. லாரி போன பிறகு தூசி இங்கே தங்கிவிடுகிறது. மடிப்பாக்கத்து நோட்டில் தண்ணீர் லாரி 1,800 என்று இருக்கிறதே தவிர, அந்தக் கிணற்றுக்கு என்ன ஆனது என்று இல்லை. பட்டணத்தில் பணம் கொடுத்துவிடுவதால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஊரில் பணமே கொடுக்காததால் கணக்கே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு இரண்டு தவறும் ஒரே நோட்டு அட்டைக்குள் இருந்தது.

அடுத்த மாதம் அக்காவுக்கு மூவாயிரம் கொடுத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ குடுத்துட்டு மெட்ராசுக்குப் போயிடுவ. நாளைக்கு எதிர்வீட்டுக்காரி வந்து என்னைக் கேப்பா, ஏன் கூலியை ஏத்தி விட்டேன்னு. நான் இங்க இருக்கறவ."

அக்காவும் சந்தோஷப்படவில்லை. பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நீ போனப்புறமும் குடுப்பியா தம்பி? ரெண்டு மாசம் குடுத்துட்டு நிறுத்திட்டா எனக்குத்தான் கஷ்டம். பழக்கமாயிடும். அப்புறம் வாத்தியாரம்மா கிட்ட நான் எப்படிக் கேக்கறது?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அம்மாவுக்கு அந்தத் தெருவோடு வாழ வேண்டும். அக்காவுக்கு ஒரு நாள் தாராளத்தைவிட நிலையான கூலி முக்கியம். தர்மம் செய்கிற மாதிரி கொடுத்தால், கொடுப்பவன் இஷ்டப்பட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற அதிகாரமும் கூடவே வந்துவிடுகிறது. கூலி என்று கொடுத்தால் அந்த அதிகாரம் எனக்கு இருக்கக் கூடாது. ஆகவே என் வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் ஐந்தாம் தேதி அவர் கணக்குக்குப் போகும்படி நிரந்தர ஏற்பாடு செய்தேன். 2021 அக்டோபரில் அலுவலகம் திரும்பக் கூப்பிட்டபோது மடிப்பாக்கத்துக்கே வேறு வீடு பார்த்துக் குடிவந்தோம். அந்த ஏற்பாடு நிற்கவில்லை.

அம்மா சொன்னது நடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவர்களும் கூலியை இரண்டாயிரமாக்கினார்கள். கிணற்றடி மாடத்து டம்ளர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்து உள்ளே வைக்கிறேன். அடுத்த முறை போகும்போது திரும்ப மாடத்தில் இருக்கிறது. யார் எடுத்து வைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அக்காவே வைத்தேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

இப்போது அம்மாவுக்கு எழுபது. போன வருஷம் வழுக்கி விழுந்து, செங்கல்பட்டுக்குக் காரில் கொண்டுபோகிறவரை முதலில் கூட இருந்தது அந்த அக்காதான். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், பாலாற்றங்கரையில், திருமுக்கூடல் இருக்கிறது. அங்கே கோயில் கல்வெட்டு ஒன்று, வீரராஜேந்திர சோழன் காலத்தில், பதினொன்றாம் நூற்றாண்டில், பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததைச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்று எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. என் நோட்டில் அந்த விவரம்தான் விடுபட்டிருந்தது.

நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். "ஊருக்கே போயிடலாம்னு பாக்கறேன். மாசம் எவ்ளோ ஆகும்?" நான் முன்பு போலத் தொகை சொல்வதில்லை. உன் வீட்டில் மூன்று வேளையும் யார் சமைப்பார்கள், வீடு பெருக்குபவருக்கு எவ்வளவு கொடுப்பாய், உன் வீட்டம்மா தனியாகத் தெருவில் நடக்க முடியுமா, எத்தனை பேருக்கு மொய் பாக்கி இருக்கிறது என்று கேட்கிறேன். அதையெல்லாம் எழுதிவிட்டுக் கூட்டினால் வருவதுதான் செலவு. நான் அப்படித்தான் ஊர் நோட்டை மறுபடியும் எழுதிப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு வாடகை, சமையலுக்கு ஒரு சம்பளம், அக்காவுக்கு மூவாயிரம், வருஷத்து மொய்யைப் பன்னிரண்டால் வகுத்து ஒரு பங்கு. 46,000 சொச்சம் வந்தது. மடிப்பாக்கத்துக்கு இன்னமும் குறைவுதான். நூற்றுக்கு எழுபத்தைந்து.

அம்மா தனியாக இருக்க முடியாத நாள் வரும். அன்று நாங்கள் ஊருக்குப் போவோமா, அம்மா இங்கே வருவாரா என்று இன்னும் முடிவாகவில்லை. போவதென்றால் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போனால் 46,000 என்ற நோட்டோடுதான் போவேன்.